சர்ச் கன்சோலில் 3-ஆம் இடம், ஆனால் கிளிக் இல்லை: முடிவுப் பக்கத்தை எண்ணிப் பார்த்த அனுபவம்

கூகுள் தேடலில் நம் தளம் எத்தனையாவதாக வருகிறது, எத்தனை கிளிக் கிடைக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவிதான் சர்ச் கன்சோல். அதில் சராசரி இடம் 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கிறது. இம்ப்ரஷன், அதாவது தேடல் முடிவில் நம் லிங்க் தெரிந்த எண்ணிக்கை, மாதாமாதம் ஏறுகிறது. கிளிக் மட்டும் அசையவில்லை. கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தளத்துக்கு வந்த சிக்கல் இது. இப்படி ஆனதும் பலர் தலைப்பை மாற்றுவார்கள், கட்டுரையை நீட்டுவார்கள். அதற்கு முன்னால், வாங்குபவர் தேடும் சொல்லைத் தேடினால் வரும் பக்கத்தை மேலிருந்து கீழே வரை ஒருமுறை பார்க்க வேண்டும். ரிப்போர்ட் சொல்லும் 3-க்கும் வாங்குபவர் கையிலிருக்கும் போன் திரைக்கும் நிறைய தூரம்.

சொந்த போனில் தேடிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இன்காக்னிட்டோவில் திறந்தாலும் நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது கூகுளுக்குத் தெரியும். கோவையில் உட்கார்ந்து தேடினால் கோவைக்கான பக்கம்தான் வரும். கூகுளில் விளம்பரம் கொடுக்க உதவும் கூகுள் ஆட்ஸ் கணக்கில் உள்ள ஆட் ப்ரிவ்யூ கருவியில் ஊர், மொழி, போனா கம்ப்யூட்டரா என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. விளம்பரம் ஓடும் சொல்லை நேரடியாகத் திரும்பத் திரும்பத் தேடினால் கிளிக் இல்லாத இம்ப்ரஷன் சேர்ந்து விளம்பரத்தின் கிளிக் விகிதம் கெடும். இந்தக் கருவியில் தேடினால் அது கணக்கில் ஏறாது. முன்னோட்டத்தில் எல்லாப் பெட்டியும் வந்துவிடாது என்பதால், முக்கியமான ஐந்தாறு சொற்களை மட்டும் அந்தந்த ஊரில் இருப்பவர் போனில் தேடச் சொல்லி ஸ்கிரீன்ஷாட் வாங்கிவிடுங்கள்.

20 முதல் 30 சொற்கள் போதும். ஒரு ஷீட்டில் சொல்லுக்கு ஒரு வரிசை. மேலே எத்தனை விளம்பரம், விலையோடு பொருள் படங்கள் இருக்கின்றனவா, மேப் வருகிறதா, ஏஐ ஓவர்வியூ (கூகுளின் ஏஐ எழுதித் தரும் சுருக்க விடை) வருகிறதா, வீடியோ வருகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கட்டம்தான் உயிர்: காசு கொடுக்காத முதல் சாதாரண லிங்க் எத்தனையாவது திரையில் தெரிகிறது?

"டேபிள் டாப் வெட் கிரைண்டர் 2 லிட்டர்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் முதல் திரை முழுக்க படமும் விலையும் போட்ட ஸ்பான்சர்டு பொருள்கள். கட்டைவிரலால் ஒருமுறை தள்ளினால் எழுத்து விளம்பரங்கள். அதன்பின் இன்னொரு பொருள் வரிசை. மூன்றாவது திரையில்தான் முதல் சாதாரண லிங்க், அதுவும் பெரிய ஆன்லைன் கடை ஒன்றின் பட்டியல் பக்கம். நம் தளம் அதற்கும் கீழே. சர்ச் கன்சோல் விளம்பரங்களை இடக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதனால் 3 என்பது பொய்யில்லை, ஆனால் அந்த மூன்றைப் பார்க்க ஒருவர் நான்கு முறை திரையைத் தள்ள வேண்டும்.

சராசரி என்பது வேறொன்றையும் மறைக்கும். மேப்பில் வரும் மூன்று கடைகளில் நம் கடையும் இருந்து, அதன் வெப்சைட் பட்டன் தெரிந்தால், அதுவும் சர்ச் கன்சோலில் இம்ப்ரஷனாக ஏறும். கோவையில் மேப் வழியாக மேலே, சென்னையில் ஒன்பதாவது, இரண்டும் கலந்து ஒரு அழகான எண். சர்ச் கன்சோலில் நாடு வாரியாகப் பிரிக்கலாம், ஊர் வாரியாகப் பிரிக்க வழியில்லை. மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கொடுக்கும் வெப்சைட் லிங்க்கின் முடிவில் யுடிஎம் குறியை (ஆள் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் குறி) சேர்த்துவிட்டால் மேப்பில் வந்த ஆட்கள் தனியாகத் தெரிவார்கள். ஐந்து நிமிட வேலை. செய்யாதவர்கள்தான் அதிகம். ஏஐ ஓவர்வியூவிலும் இதே மாதிரி ஒரு கண்ணி: அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எல்லா லிங்க்குக்கும் ஒரே இடம்தான் கணக்கு.

ஷீட் நிரம்பியதும் சொற்கள் தாமாகவே பிரிந்துவிடும். விலையும் லிட்டரும் உள்ள சொற்களில் பொருள் படங்களே ஆட்சி. அங்கே கட்டுரை எழுதுவது வீண். பொருள் பக்கத்தில் விலை, ஸ்டாக், டெலிவரி விவரத்தை ப்ராடக்ட் ஸ்கீமாவில் (கூகுள் படிப்பதற்காகப் பக்கத்தின் கோடில் எழுதும் குறிப்பு) கொடுத்து, கடைகள் பொருள்களைப் பதியும் கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் இலவசப் பட்டியலுக்குப் பதிய வேண்டும். பக்கத்தில் ஒரு விலை, பட்டியலில் வேறு விலை என்றிருந்தால் பொருளை நிறுத்திவிடுவார்கள். ஆடித் தள்ளுபடி சமயத்தில் இது அடிக்கடி நடக்கும்.

"கிரைண்டர் சர்வீஸ்", "கிரைண்டர் கல் கொத்துவது" போன்றவற்றில் மேப்தான் மேலே. பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்து வரிசைப்படுத்துவதாக கூகுளே சொல்கிறது. தூரத்தை எந்த எஸ்இஓ (தேடலில் மேலே வரச் செய்யும்) வேலையாலும் குறைக்க முடியாது. திருநெல்வேலியில் கடை இல்லாமல் அங்கே முகவரி மட்டும் போட்டால் புரொஃபைல் முடங்கும். மீட்க வாரக்கணக்கில் அலைய வேண்டும்.

"இட்லி மாவு எவ்வளவு நேரம் ஆட்டணும்" என்பதில் வீடியோவும் நேரடி விடையும். இங்கேதான் எழுத்துக்கு இடம். உளுந்துக்கு எத்தனை நிமிடம், தண்ணீரை எப்போது தெளிப்பது என்ற விடை முதல் இரண்டு வரியிலேயே வர வேண்டும். இதே கேள்வியைத் தமிழ் எழுத்திலும், தங்கிலீஷிலும், ஆங்கிலத்திலும் தேடிப் பாருங்கள். மூன்று வேறு பக்கங்கள் வரும். ஷீட்டில் மூன்றையும் தனித்தனி வரிசையாகவே வையுங்கள். தமிழ் எழுத்து அகலம் அதிகம் என்பதால் தலைப்பு சீக்கிரம் வெட்டுப்படும். முக்கியச் சொல்லை முதலில் வையுங்கள், நிறுவனப் பெயரைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

கேள்வி பதில் ஸ்கீமா போட்டால் முடிவுப் பக்கத்தில் இடம் பெரிதாகும் என்று இன்றும் விற்கிறார்கள். 2023 ஆகஸ்டில் கூகுள் அதைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு சுருக்கிவிட்டது. கிரைண்டர் தளத்துக்கு அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

பழைய எண்களோடு ஒப்பிடும்போதும் கவனம். ஒரே பக்கத்தில் 100 முடிவு காட்டும் வசதி 2025 செப்டம்பரில் நின்றது. அதை வைத்து ஓடிய ரேங்க் டிராக்கர்களின் (இடத்தைத் தானாகத் தேடிப் பார்க்கும் மென்பொருள்களின்) இம்ப்ரஷன் மறைந்ததால் பல கணக்குகளில் இம்ப்ரஷன் சரிந்தது, சராசரி இடம் திடீரென நன்றாகத் தெரிந்தது. அந்த மாதத்தைத் தாண்டி முன்னும் பின்னும் ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள். கிளிக்கை மட்டும் ஒப்பிடுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத்துக்கு மேல் வைத்திருக்காது. திரையிலிருந்து இறக்கினால் 1,000 வரிசைதான் கிடைக்கும். ஆகவே மாதம் பிறந்ததும் மூன்று நாள் கழித்து, போன் தனி, கம்ப்யூட்டர் தனி என்று வடிகட்டி இறக்கி, அதே நாளில் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துத் தேதியையே ஃபைல் பெயராகப் போட்டு வைக்கிறோம். முதல் லிங்க் மூன்றாவது திரைக்குப் போய்விட்ட சொற்களுக்கு அந்த மாதம் எழுத்து வேலை நிறுத்தம். அந்த நேரம் பொருள் பட்டியலுக்கும் மேப்புக்கும் போகிறது.