கூச்சப்படும் நாய்க்கு வீடு தேடிய கதை

சின்னி காப்பகத்துக்கு வந்தபோது இரண்டு வயது இருக்கும் என்று பல்லைப் பார்த்து மருத்துவர் சொன்னார். பழுப்பு நிறம், நடுத்தர உடம்பு, ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடங்கியும் இருக்கும். கடிக்க மாட்டாள், உறும மாட்டாள், பக்கத்துக் கூண்டு நாயோடு வம்புக்கும் போக மாட்டாள். இப்படிப்பட்ட நாயை உடனே யாராவது தத்தெடுத்துவிடுவார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அவளுக்குப் பின்னால் வந்த நாய்கள் ஒவ்வொன்றாக வீடு பார்த்துப் போய்விட, அவள் மட்டும் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தாள். காரணம் ஒன்றுதான். புது ஆள் யாராவது கூண்டருகே வந்தால் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு முகத்தை மூலைக்குள் திருப்பிக்கொள்வாள். வந்தவர்கள் அவள் முதுகைப் பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அங்கே தன்னார்வலராகப் போய்வரும் எனக்குத் தெரிந்த சின்னி வேறு. நான் கூண்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தால், முதலில் பின்னங்கால்களை அங்கேயே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி என் செருப்பை மோந்து பார்ப்பாள். பிறகு ஓர் அடி. பிறகு இன்னோர் அடி. கடைசியில் தாடையை என் முட்டிமேல் வைத்து, மெல்ல மெல்ல உடம்பின் மொத்தப் பாரத்தையும் என்மேல் சாய்த்துவிடுவாள். நெஞ்சுப் பகுதியில் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்து கையை நிறுத்தினால், முன்னங்காலால் என் கையை இழுப்பாள். இவ்வளவு பாசமான நாய்க்கு வீடு கிடைக்காமல் போகக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று காப்பகத்தில் சொன்னேன்.

முதலில் செய்தது முழு உடல் பரிசோதனை. காது வலியோ, பல் வலியோ, மூட்டுப் பிரச்சினையோ இருக்கும் நாய் தொட வருபவர்களிடமிருந்து ஒதுங்கத்தான் செய்யும்; அதை நாம் சுபாவம் என்று நினைத்துக்கொள்வோம். சின்னிக்கு அப்படி எதுவும் இல்லை. கருத்தடை அறுவை முடிந்திருந்தது, தடுப்பூசிகளும் போட்டாயிற்று. ஆக, இது பயம்தான்.

“பாவம், யாராவது அடிச்சிருப்பாங்க போல” என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அடி வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருக்கலாம். பிறந்து 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14 வாரம் வரை குட்டிகள் உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அந்த நேரத்தில் பல தரப்பட்ட மனிதர்களையும் சத்தங்களையும் பார்க்காமல் வளர்ந்த நாய்க்கு, பிறகு எல்லாமே மிரட்டலாகத்தான் தெரியும். ஒரு கை ஓங்காமலே இவ்வளவு பயம் வரும். இதை நான் விளக்கிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பரிதாபப்பட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்கள், நாலு நாள் அன்பு காட்டினால் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆகாதபோது மனம் உடைந்து திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.

காப்பகத்தின் சூழலும் அவளுக்கு எதிராகவே இருந்தது. எவ்வளவு நன்றாக நடத்தினாலும் பல நாய்கள் சேர்ந்து இருக்கும் இடம் அமைதியாக இருக்காது. நாய்க் கூடங்களில் குரைப்புச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவதை ஆய்வாளர்கள் அளந்தே எழுதியிருக்கிறார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து கம்பி வழியாகக் கையை நீட்டினால் கூச்ச சுபாவமுள்ள நாய் என்ன செய்யும்? அலெக்ஸாண்ட்ரா புரோட்டோபோபோவாவும் கிளைவ் வின்னும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. தத்தெடுக்க வந்தவர்கள் ஒரு நாயோடு தனியாகச் செலவிட்ட நேரம் சராசரியாக 8 நிமிடம்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து படுத்த நாய்க்கும், விளையாடக் கூப்பிட்டால் சேர்ந்துகொண்ட நாய்க்கும்தான் வாய்ப்பு அதிகமாக இருந்தது. சின்னிக்கு 8 நிமிடத்தில் செருப்பை மோப்பதே முடியாது.

அதனால் அவளைக் கூண்டில் வைத்துக் காட்டுவதையே நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தோம். தற்காலிகமாக என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஃபோஸ்டர் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். லிசா குன்டரும் அவருடைய குழுவினரும் 2019-இல் ஐந்து காப்பகங்களின் நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், ஓரிரு இரவு வீட்டில் தங்கினாலே சிறுநீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்ததைக் கண்டார்கள். காப்பகம் திரும்பியதும் அது பழைய நிலைக்கே ஏறிவிட்டது. சின்னி விஷயத்தில் எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. வந்த அன்று மேசைக்கு அடியில் போய்ப் படுத்தவள், தூங்கினாள் தூங்கினாள் அப்படித் தூங்கினாள். காப்பகத்தில் அவள் கால் நீட்டித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் வைத்திருந்ததில் இன்னொரு பெரிய லாபம், அவளைப் பற்றி உண்மையான தகவல்கள் கிடைத்தன. தனியாக விட்டால் எதையும் கடித்துக் குதறுவதில்லை. வீட்டுக்குள் அசுத்தம் செய்வதில்லை. மாடிப்படி ஏறுவாள், இறங்கத் தயங்குவாள். அழைப்பு மணி அடித்தால் உள்ளறைக்கு ஓடிவிடுவாள். தொப்பி போட்டவர்கள், குடை பிடித்தவர்கள் என்றால் கூடுதல் மிரட்சி. எல்லாவற்றையும் விட முக்கியமானது, வேறொரு நாய் கூட இருந்தால் அவள் ஆளே மாறிவிடுகிறாள். நண்பர் ஒருவர் தன் சாதுவான கிழ நாயைக் கூட்டிவந்தபோது, அது அவரிடம் போய்ச் சாவகாசமாக வால் ஆட்டுவதைப் பார்த்துவிட்டு இவளும் பின்னாலேயே போய் அவர் கையை மோந்தாள். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவளுக்குத் தேவை ஏற்கெனவே ஒரு நிதானமான நாய் இருக்கும் வீடு.

அடுத்தது அறிமுகக் குறிப்பு. காப்பகத்தின் பழைய குறிப்பில், “பயந்த சுபாவம், பொறுமைசாலிகள் மட்டும் அணுகவும்” என்று இருந்தது. அதில் பொய் இல்லை, ஆனால் அதைப் படித்து ஒருவருக்கும் அந்த நாயைப் பார்க்க ஆசை வராது. வேறு சிலர் குறையை மறைத்து, “எல்லோரிடமும் பாசமாகப் பழகும்” என்று எழுதுவார்கள். அது இன்னும் மோசம்; நம்பி வருபவர் ஏமாந்து போவார், நாய் திரும்பி வந்து நிற்கும். நான் இப்படி எழுதினேன்:

“சின்னி உங்களைக் கண்டதும் ஓடி வர மாட்டாள். தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவளைக் கண்டுகொள்ளாமல் இருங்கள்; அவளே வந்து உங்கள் முட்டியில் தலையை வைப்பாள். அப்புறம் நீங்கள் எழுந்திருப்பதுதான் கஷ்டம். அமைதியான வீடும், கூட்டிக்கொண்டு நடக்க இன்னொரு நாயும் இருந்தால் அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். சிறு குழந்தைகளும் ஓயாத விருந்தாளிகளும் இருக்கும் வீடு அவளுக்குச் சரிப்படாது.”

படங்களையும் மாற்றினேன். கம்பிக்குப் பின்னால் எடுத்த பழைய படத்தைத் தூக்கிவிட்டு, வெளிச்சமான இடத்தில், அவள் கண்மட்டத்துக்கு நானும் படுத்துக்கொண்டு எடுத்த படங்களைச் சேர்த்தேன். ஒரு சின்னக் காணொளியும் உண்டு: என் கையை அவள் காலால் இழுக்கும் அந்தக் காட்சி. வந்த அழைப்புகளில் பாதி அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு வந்தவைதான்.

அழைப்புகள் வந்தன என்பதற்காக எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட முடியாது. ஒருவருக்குக் காவலுக்கு நாய் வேண்டும். இவள் திருடனைக் கண்டால் அவனுக்கு முன்னால் ஒளிந்துகொள்வாள். ஒரு தம்பதிக்கு நடை பழகும் வயதில் குழந்தை. அவர்கள் நல்லவர்கள், நிஜமாகவே ஆசைப்பட்டார்கள். ஆனால் திடீரென்று கத்தி, ஓடி, வாலைப் பிடிக்கும் குழந்தையோடு பயந்த நாயைச் சேர்த்து வைப்பது இரண்டு பேருக்கும் ஆபத்து. வேறு நாய் பரிந்துரைத்தேன். வாசற்கதவு எப்போதும் திறந்தே கிடக்கும் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். அங்கேயும் முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கட்டத்தில் முடியாது என்று சொல்லக் கூச்சப்படக் கூடாது.

பிறகு ஒரு அம்மா கூப்பிட்டார்கள். பணி ஓய்வு பெற்றவர், வீட்டில் ஒரு வயதான நாய். மற்றவர்களெல்லாம் “எப்ப வந்து கூட்டிட்டுப் போகலாம்?” என்று கேட்டபோது இவர்கள் மட்டும், “அவளுக்கு எதுக்கெல்லாம் பயம்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க தம்பி, எழுதி வெச்சுக்கிறேன்” என்றார்கள். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைக்காமல் ஒரு திறந்த வெளியில் வைத்தோம். இரண்டு நாய்களையும் நேருக்கு நேர் நிறுத்தவில்லை. நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்திக்கொண்டு போனோம். போகப் போக இடைவெளியைக் குறைத்தோம். பாதி வழியிலேயே சின்னி அந்தக் கிழவர், அதாவது அம்மாவின் வயதான நாய், நடந்த இடத்தையெல்லாம் மோந்துகொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்தோம். அந்த அம்மா சின்னிக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணை நேராகப் பார்க்காமல், கோழித் துண்டுகளை அவ்வப்போது தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னி உதட்டை நக்கினாள், கொட்டாவி விட்டாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். மூன்றுமே ‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்று நாய் சொல்லும் வழிகள். கையை நீட்டலாமா என்று அந்த அம்மா கேட்கவே இல்லை. “வர்றப்ப வரட்டும் தம்பி, எனக்கு எங்கயும் போற அவசரம் இல்ல” என்றார்கள். அன்று அவள் முட்டிவரை வரவில்லை, சேலை முந்தானையை மோந்ததோடு சரி. மறுபடியும் சந்தித்தபோது கைக்கு வந்தாள்.

அனுப்புவதற்கு முன் வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஆட்கள் அதிகம் நடக்காத மூலையில், மேலே மூடி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மாதிரி படுக்கை தயார் செய்யச் சொன்னேன். அங்கே அவள் இருக்கும்போது யாரும் தொடக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. நான் விடாப்பிடியாகச் சொன்ன விஷயம் கயிறு. பயந்த நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் புது வீட்டுக்குப் போன தொடக்க நாட்களில்தான். சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்பக்கமாக இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். அப்படி ஓடினால் புது வீட்டு வழியும் தெரியாது, கூப்பிட்டால் வரவும் வராது. அதனால் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ், கழுத்துக்குப் பட்டை, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. தொலைபேசி எண் எழுதிய வில்லை முதல் நாளிலிருந்தே கழுத்தில் இருக்க வேண்டும். தோலுக்கடியில் பொருத்தியிருக்கும் மைக்ரோசிப்பின் எண்ணோடு பதிவாகியிருக்கும் உரிமையாளர் விவரத்தையும் மாற்றிக் கொடுத்தோம். சிப்பை யாராவது கருவி வைத்துப் படித்தால்தான் பயன். வில்லையைத் தெருவில் போகிறவர்கூடப் படிக்கலாம்.

ஒத்துவராவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எங்களிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டோம். சிலர் இதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்வார்கள். நாய்க்கு எப்போதும் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்பதற்கான உறுதிமொழி அது.

காப்பகக்காரர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்று நாளில் மிரட்சி அடங்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்ற எண்ணம் வரும். பொதுவான கணக்குத்தான், சின்னி மாதிரி நாய்க்கு இன்னும் இழுக்கும் என்று சொல்லி அனுப்பினேன். முதல் இரவு அவள் சாப்பிடவே இல்லை. அந்த அம்மா பதற்றத்தோடு கூப்பிட்டார்கள். தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டேன், குடிக்கிறாள் என்றார்கள். கிண்ணத்தை அவள் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் அறையை விட்டுப் போய்விடுங்கள், நாளைக்கும் தொடாவிட்டால் மருத்துவரைக் கேட்போம் என்றேன். காலையில் கிண்ணம் காலி.

அப்புறம் அவ்வப்போது செய்தி வரும். கிழவர் போகும் அறைக்கெல்லாம் பின்னாலேயே போகிறாள். சமையலறை வாசலில் படுக்கிறாள். படி இறங்கப் பழகிவிட்டாள். ஒருநாள் அந்த அம்மா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது தாளுக்கும் மடிக்கும் நடுவில் தலையை நுழைத்துவிட்டாளாம். படிக்க விடமாட்டேன் என்கிறாள் என்று புகார். அந்தப் புகாரைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. அழைப்பு மணி அடித்தால் இன்னமும் உள்ளறைக்குத்தான் ஓடுகிறாள். வருகிறவர்களிடம் “நாயைக் கூப்பிடாதீங்க, பார்க்காதீங்க, அதுவா வரும்” என்று அந்த அம்மா வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சிலர் கிளம்புவதற்குள் வருகிறாள், சிலருக்கு வருவதில்லை.

போன வாரம் ரேபிஸ் தடுப்பூசிக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். காத்திருக்கும் கூடத்தில் மற்ற நாய்களுக்கு நடுவில் உட்கார வைக்காமல், முறை வரும்வரை காரிலேயே வைத்திருந்தார்கள். மருத்துவர் அவளை மேசைமேல் ஏற்றவில்லை. தானே தரையில் உட்கார்ந்து, அந்த அம்மா கோழித் துண்டு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஊசியைப் போட்டு முடித்துவிட்டார். பயந்த நாய் வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்யும் மருத்துவரைத் தேடிப் பிடியுங்கள், கொஞ்சம் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.