சன்ஃப்ளவர் கவுண்டிக் கல்லறைகள்

அக்டோபர் 11, சனி

அமெரிக்காவில் மெம்ஃபிஸிலிருந்து தெற்கே வந்தால் மிசிசிப்பி டெல்டா. சன்ஃப்ளவர் அங்கே ஒரு கவுண்டி, நம்மூர் மாவட்டம் மாதிரி. மேடு பள்ளம் என்று ஒன்றும் கிடையாது. பருத்தி எடுப்பு நடக்கிறது. பிளாஸ்டிக் சுற்றிய பஞ்சு உருளைகள் வயலோரம் கிடக்கின்றன. எல்லாம் இயந்திரம்தான், கூலியாள் ஒருவரும் கண்ணில் படவில்லை.

ஹாலி ரிட்ஜில் சார்லி பேட்டனின் கல்லறை. இந்தப் பக்கத்துக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையைப் பாடியவர். டாக்கரி பண்ணைப் பக்கம் வளர்ந்து, கிட்டாரை முதுகுக்குப் பின்னால் பிடித்தெல்லாம் வாசித்துக் காட்டியவர். பின்னாளில் பெயர்பெற்ற ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃப் இவரிடம்தான் கற்றுக்கொண்டார். பேட்டன் 1934 ஏப்ரல் 28 அன்று இண்டியனோலாவில் இதய நோயால் இறந்தார். பெயர் பொறித்த கல் வந்தது 1991இல். காசு கொடுத்தவர் ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி, கலிஃபோர்னியாக்காரர். டெல்டா ப்ளூஸின் தகப்பன் என்று ஊரெல்லாம் கொண்டாடும் ஆளுக்கு 57 வருடம் கழித்து, அதுவும் வெளியூர்க்காரர் கையால்!

அக்டோபர் 12, ஞாயிறு

இண்டியனோலா. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்குக்கு அந்தக் குறை இல்லை. 2015 மே 14 அன்று லாஸ் வேகஸில், 89 வயதில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து, அவர் பெயரிலுள்ள அருங்காட்சியக வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். 2008இல் திறந்த அந்த அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி, பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் பழைய ஆலை. 1940களில் அவர் வேலை பார்த்த அதே செங்கல் கட்டடம். எல்லாம் பளபளவென்று இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

அக்டோபர் 13, திங்கள்

பக்கத்து லெஃப்ளோர் கவுண்டி. 1938இல் 27 வயதில் இறந்த ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனைப் புதைத்த இடம் எதுவென்று உறுதியில்லை, அதனால் இங்கே மூன்று இடத்தில் கல்: மார்கன் சிட்டி, கீட்டோ, அப்புறம் கிரீன்வுட்டுக்கு வடக்கே லிட்டில் சயன் தேவாலயம். கடைசி இடத்துக்கு ஆதாரம், குழி வெட்டியவரின் மனைவி பின்னாளில் சொன்னது. நானும் அதையே நம்புகிறேன்.

அக்டோபர் 18, சனி

மறுபடி சன்ஃப்ளவர் கவுண்டி, ரூல்வில். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமர். இவருக்காகத்தான் மறுபடி வந்தேன்.

இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி, ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதிய ஒரு பழைய பேருந்தில் 17 பேரோடு இண்டியனோலா போனார். பதிவு மறுக்கப்பட்டது. திரும்பும் வழியில் போலீஸ் நிறுத்தி, வண்டியின் மஞ்சள் நிறம் பள்ளிப் பேருந்து போல இருக்கிறதென்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டது. பண்ணைக்காரர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார். உங்களுக்காக நான் பதியப் போகவில்லை, எனக்காகத்தான் போனேன் என்றார் ஹேமர். 18 வருடம் உழைத்த இடத்தை விட்டு அன்றிரவே வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் வினோனா சிறையில் அடித்த அடி கடைசிவரை உடம்பில் நின்றது.

1969இல் 40 ஏக்கரில் ஃப்ரீடம் ஃபார்ம் கூட்டுறவைத் தொடங்கினார். ஏழைக் குடும்பத்துக்குச் சினைப்பன்றி கொடுப்பார்கள். குட்டி போட்டதும் பன்றியைத் திருப்பித் தந்துவிட வேண்டும், குட்டிகள் அவர்களுக்கு. நிலமும் நூற்றுக்கணக்கான ஏக்கராக வளர்ந்தது. 70களின் நடுவில் கடனும் மோசமான விளைச்சலும் சேர்ந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டன. 1977 மார்ச் 14 அன்று ஹேமர் இறந்தபோது அந்தக் கூட்டுறவு வாங்கிய நிலத்தில்தான் புதைத்தார்கள். பக்கத்தில் கணவர் பெர்ரி. "சலித்துச் சலித்தே சலித்துப்போனேன்" என்ற அவருடைய பேச்சு கல்லில் இருக்கிறது. எதிரே 2012இல் வைத்த சிலை.

ரூல்வில்லுக்கும் இண்டியனோலாவுக்கும் நடுவே டாட்ஸ்வில். கறுப்பினத்தவருக்கு ஓட்டு கூடாதென்று முப்பது வருடத்துக்கு மேல் செனட்டில் மல்லுக்கட்டிய ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பண்ணை அங்கேதான், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அவர் கல்லறை இந்தக் கவுண்டியில் இல்லை. ஸ்காட் கவுண்டி, ஃபாரஸ்ட் ஊரில். அங்கே போகும் உத்தேசம் எனக்கு இல்லை.