கரிசல் மேட்டில் ஒரு விரிசல்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த ஒரு சுரங்கம். அதன் ஓரத்தில் 22 மீட்டர் உயரத்துக்கு ஒரு பழைய மண்மேடு. கல்லுக்கு மேலே கிடந்த கரிசலையும் களியையும் பல வருடங்களாகக் கொட்டிக் கொட்டி வளர்ந்தது. கொட்டுவதை நிறுத்தி, மேலே புங்கனும் வேம்பும் நட்டு, பசுமையாக்கிய பகுதி என்று பலகையும் வைத்தாயிற்று. சர்வேயரான எனக்கு வருடத்துக்கு இரண்டு தடவை போய் அளந்து வரும் வேலை. சுலபமான வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு வைகாசியில் மேட்டின் உச்சியில் விரிசலைப் பார்த்தேன். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ‘கோடை வெடிப்பு’ என்று நோட்டில் எழுதிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அது என் முதல் தப்பு.

கோடை வெடிப்பு வலை மாதிரி எல்லாப் பக்கமும் ஓடும். நான் பார்த்தது ஒரே கோடு. மேட்டின் விளிம்புக்கு இணையாகப் போய், இரண்டு முனையிலும் சரிவை நோக்கி லேசாக வளைந்திருந்தது. சரிவுப் பக்கத்து மண் இரண்டு விரல் கீழே இறங்கியும் இருந்தது. உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்திருந்தாலே அந்தப் படி தெரிந்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க வைத்தது அங்கே ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி. ஆவணியில் ஒரு நாள், “தம்பி, எல்லா இடமும் காஞ்சு கெடக்கு, மேட்டுக்கு அடியில மட்டும் அருகம்புல்லு பச்சையா இருக்கு பாத்தியா? அங்கதான் முன்னாடி வாரி ஓடிச்சு” என்றார். வாரி என்றால் மழைத்தண்ணீர் ஓடும் சின்ன ஓடை. போய்ப் பார்த்தேன். அடிவாரத்தில் மண் சொதசொதவென்று இருந்தது. முள்கம்பி வேலியின் நான்கு கல்தூண்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. உச்சியில் இறங்குவதும் அடியில் பிதுங்குவதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று ராத்திரி எனக்கு அபர்ஃபான்தான் ஞாபகம் வந்தது. வேல்ஸ் நாட்டில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை நீரூற்றின் மேல் கொட்டியிருந்தார்கள். எங்கள் மேடு அதில் ஒரு துளி. ஆனால் அடியில் ஆட்டுப் பாதை இருக்கிறது, அதைத் தாண்டி இரண்டு கொல்லை, அதாவது புன்செய் நிலம்.

சரி, அளக்க ஆரம்பித்தோம். விரிசலின் இரு பக்கமும் ஆறு ஜோடி மரமுளை அடித்து, தினமும் காலையில் டேப் பிடித்தோம். முதல் மழை பெய்ததும் விரிசல் 4 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. மூடிக்கொள்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது மண் ஈரத்தில் ஊதியது. கரிசலில் முளை அடித்தால் முளையும் மண்ணோடு ஆடும். அப்புறம் 12 எம்.எம். கம்பியை இரண்டு மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, மேல்மண் தொடாதபடி சுற்றிலும் பிவிசி குழாயை உறை மாதிரி போட்டோம். அதற்குப் பிறகுதான் அளவு அளவாக வந்தது. நடுச்சரிவில் துளை போட்டு, ஓட்டை வைத்த குழாயை இறக்கித் தண்ணீர் மட்டமும் பார்த்தோம். ஒரு மழைமானியும் வைத்தோம். மொத்தச் செலவு ஒரு நல்ல செல்போன் விலைகூட வராது.

இதற்கு நடுவில் இரண்டாவது தப்பு. உச்சியில் இறங்கிய இடம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். எட்டு டிப்பர் மண் கொட்டிச் சமப்படுத்தினோம். சரியத் தயாராக இருக்கும் மேட்டின் தலையில் பாரம் ஏற்றினால் என்ன ஆகும்? பாரம் வைக்க வேண்டிய இடம் அடிவாரம். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. குழாயில் தண்ணீர் மட்டம் ஒரே வாரத்தில் மூன்று மீட்டர் ஏறியது. விரிசல் ஒரு நாளில் 4 மில்லிமீட்டர் விரிந்தது. மறுநாள் 5, அதற்கு மறுநாள் 7, நான்காம் நாள் 12. ஜப்பானியரான ஃபுகுசோனோ 1985இல் சொன்ன ஒரு கணக்கு உண்டு. ஒன்றை அந்த வேகத்தால் வகுத்து, நாள்வாரியாகக் கிராப் தாளில் புள்ளி வைக்க வேண்டும். 0.25, 0.20, 0.14, 0.08. புள்ளிகளை இணைத்தால் கோடு கீழே இறங்கும், அது பூஜ்யத்தைத் தொடும் நாள்தான் சரியும் நாள். ஸ்கேல் வைத்து இழுத்தேன், இன்னும் ஒன்றரை நாள் என்று காட்டியது. எல்லாச் சரிவும் இப்படி ஒழுங்காக நடக்காது. மழை நின்றால் கோடு திரும்பிவிடும், அதனால் ஒரு தடவை பலித்ததை வைத்து நான் ஜோசியம் சொல்வதில்லை. அன்றைக்கு ஆட்டுப் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்தோம். கொல்லைக்காரர்களுக்கு நேரில் போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். மறுநாள் ராத்திரி மூன்று மணி வாக்கில், நாற்பது மீட்டர் அகலத்துக்கு மேடு உட்கார்ந்தது. வேலி போயிற்று, ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை.

சேறு காய்ந்து பொக்லைன் ஏறத் தை மாதம் ஆகிவிட்டது. முதலில் தலைப் பாரத்தை எடுத்தோம், நாங்களே கொட்டிய அந்த எட்டு டிப்பர் உட்பட. மேட்டின் ஒட்டுமொத்தச் சரிவு 28 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை. எங்கள் மேடு அந்த இடத்தில் 34 இருந்தது. நடுவில் நான்கு மீட்டர் அகலப் படி ஒன்று வெட்டி, 26க்குக் கொண்டு வந்தோம். படியை மேட்டுப் பக்கம் சாய்த்து உள்வாய்க்கால் விட்டோம், தண்ணீர் சரிவின் முகத்தில் வழியாமல் பக்கவாட்டில் போய்விடும்.

மிச்ச வேலை எல்லாம் தண்ணீரோடுதான். பாட்டி காட்டிய வாரியின் தடத்திலேயே இரண்டரை மீட்டர் ஆழப் பள்ளம் எடுத்தோம். கடைசி அரை மீட்டரில் தண்ணீர் கசிந்து வந்தது. அதில் வடிகட்டித் துணி விரித்து, ஓட்டைக் குழாய் போட்டு, ஜல்லி நிரப்பி, துணியை மேலே மடித்து மூடினோம். துணி இல்லையென்றால் கரிசல் ஒரே மழையில் ஜல்லியை அடைத்துவிடும். குழாய் வாயிலிருந்து விரல் பருமனுக்குத் தண்ணீர் விழ ஆரம்பித்தது. ஒன்பது நாள் நிற்காமல் விழுந்தது. அடிவாரத்தில் பெரிய கற்களை அடுக்கிப் பாரம் வைத்தோம், சிமென்டுக்கு ஆகாத கல் அங்கேயே நிறையக் கிடந்தது. அடுக்கும்போது ஒரு கல்லில் தாம்பாளம் அளவுக்கு அம்மோனைட், அதாவது அழிந்துபோன ஒரு கடல் உயிரியின் புதைபடிவம், சுருள் சுருளாக. பொக்லைன் டிரைவர் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மண்ணைத் திரும்ப நிரப்புவதுதான் பெரிய பாடு. ஈரம் கூடினால் ரோலரில் அப்பிக்கொள்ளும், குறைந்தால் கட்டி உடையாது. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. முப்பது சென்டிமீட்டருக்கு மேல் ஒரு அடுக்கு போட விடவில்லை. டிப்பர்காரர்களுக்கு என் மேல் இன்னும் கோபம்.

வெட்டிவேரை அவசரப்பட்டு மாசியில் நட்டு, பாதியைக் காயவிட்டேன். புரட்டாசியில் மறுபடி நட்டது பிடித்துக்கொண்டது. இரண்டு மழைக்காலம் போய்விட்டது. குழாயில் தண்ணீர் மட்டம் பழையபடி ஏறவில்லை. கம்பிகளை இப்போது வாரம் ஒரு தடவை அளக்கிறேன், மூன்றாவது ஜோடி மட்டும் போன மாதம் 2 மில்லிமீட்டர் காட்டியது. பாட்டியின் ஆடுகள் வெட்டிவேர்க் குருத்தை மேய்ந்துவிடுகின்றன. சொன்னால், “முத்தினா தொடாது தம்பி” என்கிறார்.