புக்கிட் தீமாவில் விழுந்து கிடந்த மரம்

சிங்கப்பூரின் ஆக உயரமான இடம் புக்கிட் தீமா என்ற காட்டுக் குன்று. உயரம் 163 மீட்டர்தான்! ஊரிலிருந்து வந்திருந்த அத்தையோடு பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். தொடக்கத்துத் தார்ச்சாலை ஏற்றம் மட்டும் மூச்சு வாங்க வைக்கும். மற்றபடி நிழல்தான்.

உச்சிப் பாறையைவிட, பாதையோரம் சாய்ந்து கிடந்த பெரிய மரம்தான் அத்தையை ஈர்த்தது. "ஏன்டா இதை இப்படியே போட்டு வச்சிருக்காங்க? ரெண்டு வருஷ விறகாச்சே!"

நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் காட்டில் மண்ணை நம்ப முடியாது. அடிக்கடி கொட்டும் மழை அதன் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு மரங்களின் உடம்பிலும் மேலாகக் கிடக்கும் சருகிலும்தான். கறையானும் பூஞ்சையும் விழுந்த மரத்தை மக்க வைக்க, பக்கத்து வேர்கள் காத்திருந்து உறிஞ்சிக்கொள்ளும். சிராயா போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை இழைகள், நீரும் சத்தும் கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. மரத்தைத் தூக்கிப் போனால் காட்டின் மூலதனத்தையே எடுத்துப் போன மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் அதுதான் நடந்தது. காட்டை அழித்து, தோல் பதனிட உதவும் கேம்பியர் என்ற செடியைப் பயிரிட்டார்கள். அதன் இலையைக் காய்ச்ச விறகுக்கு இன்னும் மரம் வெட்டினார்கள். சில ஆண்டுகளில் மண் ஓய்ந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள்.

மரம் விழுந்த இடத்தில் வெயில் இறங்குகிறது. பல ஆண்டுகள் நிழலில் குட்டையாகவே நின்ற கன்றுகளுக்கு அப்புறம்தான் யோகம்.

சிராயா ஆண்டுதோறும் காய்க்காது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல மரங்கள் ஒன்றாகக் காய்த்துத் தள்ளும், அணில்கள் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு. இறக்கை முளைத்த விதைகள் சுழன்று பெரும்பாலும் தாய்மரத்துக்கு அருகிலேயே விழும். பழமரங்கள் அப்படியல்ல, விதை பரப்பப் பறவையும் விலங்கும் வேண்டும். 1986இல் திறந்த புக்கிட் தீமா விரைவுச்சாலையோ இந்தக் காட்டைப் பக்கத்து நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்துவிட்டது. 2013இல்தான் அதன் மேல் மரம் நட்ட விலங்குப் பாலம் வந்தது, 62 மீட்டர் நீளம். புனுகுப்பூனையும் எறும்புதின்னியும் அதில் கடக்கின்றன. சாலை போட்டபோதே கட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அத்தைக்கு அதில் நடக்க ஆசை. மனிதர்களுக்கு அனுமதியில்லை என்றேன். "சரி, அதுங்களாவது நிம்மதியா போகட்டும்."

போகிறவர்கள் சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள். இங்குள்ள குரங்குகளுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.