செஸ்ஸுக்கென்றே பிறந்த சிப்

ஐ.பி.எம். செய்த செஸ் கணினியான டீப் ப்ளூ என்றாலே 1997இல் நியூயோர்க்கில் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் அதனிடம் தோற்ற கதைதான் பேச்சு. எனக்கென்றால் அதற்குள் இருந்த 480 செஸ் சிப்கள்தான் பெரிய விஷயம். திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் என்னிடம் செஸ் பழகும் பிள்ளைகள், "போனில இருக்கிற ஸ்டொக்ஃபிஷே காணும்தானே சேர், அதுக்கு ஏன் தனிச் சிப்?" என்று கேட்கிறார்கள் (ஸ்டொக்ஃபிஷ் ஒரு இலவச செஸ் மென்பொருள்). நியாயமான கேள்வி.

அந்தக் காலத்துச் சாதாரண கணினி நகர்வுகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் (யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர், அவரேதான்) ஜோ கொண்டனும் செய்த 'பெல்' (Belle) என்ற செஸ் இயந்திரத்தில் பலகையே மின்சுற்று, 64 கட்டங்களுக்கும் தனித்தனியாக. ராணி நிற்கும் கட்டத்திலிருந்து சமிக்ஞை கிளம்பி, வெறுங் கட்டங்களைத் தாண்டிப் போய், ஏதாவது காய் குறுக்கிட்டால் அங்கேயே நின்றுவிடும், மற்றக் காய்களுக்கும் அதே நேரத்தில் இதுவே நடக்கும். வெட்டக்கூடிய எதிரிக் காய்களில் பெறுமதி கூடியதைச் சுற்றே தெரிந்தெடுக்கும். அப்புறம் அந்தக் கட்டத்திலிருந்து திரும்பித் தேடி, அதை வெட்டக்கூடிய நம் காய்களில் பெறுமதி குறைந்ததைக் காட்டும். சிப்பாயால் ராணியை வெட்டலாம் என்றால் நாமும் அதைத்தானே முதலில் பார்ப்போம்! எவ்வளவு அழகான யோசனை. 1983இல் மாஸ்டர் தரத்தை எட்டிய முதல் இயந்திரம் அதுதான்.

டீப் ப்ளூவின் சிப்பை வடிவமைத்த ஃபெங்-சியுங் சூ இந்த யோசனையை ஒரே சிப்புக்குள் கொண்டுவந்தார். டீப் ப்ளூவின் ஒவ்வொரு சிப்பும் விநாடிக்கு 20 இலட்சம் நிலைகளுக்கு மேல் பார்த்தது, சிப்கள் எல்லாமே எப்போதும் முழு வேகத்தில் ஓடாததால் முழு இயந்திரமும் நடைமுறையில் சுமார் 20 கோடி. தேடலின் மேல்மட்டத்தை மென்பொருள் பார்க்க, கடைசிச் சில நகர்வுகளின் ஆழம் சிப்பின் பொறுப்பு.

ஒரு சிக்கல், வார்த்து முடிந்த சிப்பின் சுற்றை மாற்ற முடியாது. பின்னால் வந்த ஹைட்ரா என்ற செஸ் இயந்திரம், திரும்பத் திரும்ப மாற்றியமைக்கக்கூடிய சிப்களை வைத்து அதைத் தாண்டியது. 2005இல் லண்டனில் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் அடம்ஸை 5½–½ என்று வென்றது. அதன் பிறகு சாதாரண ப்ராசசர்களும் வேகமாகின, மென்பொருளும் தேடலில் பயனில்லாத நகர்வுக் கிளைகளை வெட்டித் தள்ளப் பழகிவிட்டது. சரி, விளையாட இன்று தனிச் சிப் தேவையில்லைதான்.

ஆனால் தருக்கப் படலைகள் (மின்சுற்றின் அடிப்படைத் துண்டுகளான logic gates) படிக்கும் ஏ.எல். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. குதிரையில் தொடங்குங்கள்: ஒரு கட்டத்தைத் தாக்கக்கூடிய குதிரைகள் கூடினால் எட்டு இடங்களில்தான் நிற்கலாம், ஆகவே எட்டு உள்ளீடுள்ள ஒரு 'அல்லது' (OR) படலை போதும், ஏதாவது ஒரு உள்ளீடு வந்தாலே அது 'ஆம்' என்று சொல்லும். மந்திரிக்கு வரும்போதுதான் குறுக்கே நிற்கும் காயை என்ன செய்வது என்று மண்டையைப் போட்டுக் குழப்ப வேண்டிவரும், அங்கேதான் சுவாரசியமே.