கேட்டு முடிக்காமல் பக்கம் புரட்டுவதில்லை

கடந்த தை மாதம் எனக்கு நானே ஒரு சிறு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டேன். இசைக் கலைஞரின் வாழ்க்கை வரலாறோ திரைப்பட நூலோ எதுவானாலும், அதில் பேசப்படும் பாட்டைக் கேட்காமல், படத்தைப் பார்க்காமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போவதில்லை என்பதே அது. அதற்கு முன்பெல்லாம் இத்தகைய நூல்களை இரண்டே இரவில் முடித்துவிடுவேன். பிறந்த ஊரும் பெற்ற விருதும் நினைவில் நிற்கும். அவர் எப்படிப் பாடினார் என்று யாராவது கேட்டால் விழிப்பேன்.

முதலில் எடுத்தது, இந்துஸ்தானி பாடகி கௌஹர் ஜானைப் பற்றி விக்ரம் சம்பத் ஆங்கிலத்தில் எழுதிய வரலாறு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கைஸ்பர்க் செய்த ஒலிப்பதிவுகளின் வழியே, இந்தியாவில் இசைத்தட்டுக்கு முதன்முதலாகப் பாடியவர்களுள் ஒருவரானார் கௌஹர் ஜான். இணையத்தில் கிடைக்கும் அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டால், பாட்டு முடிந்த கையோடு ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று ஓங்கிய குரலில் அவர் அறிவிப்பது கேட்கும். முதல் தடவை கேட்டபோது அதைப் பெரிய பாடகியின் பெருமிதம் என்றுதான் நினைத்தேன். ஆனால், பதிவான மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்று அங்கேதான் அச்சாகின என்பதையும், பாடியவர் யார் என்று அங்குள்ள தொழிலாளர்களுக்குத் தெரிவதற்காகவே இந்த அறிவிப்பு தேவைப்பட்டது என்பதையும் அறிந்தபின், அதே தட்டை மறுபடி கேட்டபோது அந்தக் குரல் எனக்கு வேறொன்றாகத் தோன்றியது. கடிகாரத்தை வைத்துக்கொண்டும் கேட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள், ஒலிவாங்கியே இல்லாத காலத்தில் ஒரு கூம்புக்குள் பாடியபடி, ராகத்தின் சாயலையும் காட்டிப் பாட்டையும் முடிப்பது எத்தகைய கணக்கு என்பதை எழுத்தில் படித்து மட்டும் நான் உணர்ந்திருக்க முடியாது. இந்த ஒரு நூலுக்கு மட்டும் ஏழு வாரம் ஆயிற்று.

அடுத்து டி.ஜே.எஸ். ஜார்ஜ் எழுதிய எம்.எஸ். சுப்புலட்சுமி வரலாறு. மதுரையில் வீணை வாசித்த தாய் சண்முகவடிவின் வீட்டிலிருந்து சென்னை சபாக்கள் வரை எம்.எஸ். கடந்த தொலைவையும், அதற்குப் பின்னிருந்த சாதி, குல வழக்கங்களையும் ஜார்ஜ் விரிவாகச் சொல்கிறார். சங்கீதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்பது என் குறை. அந்தக் குறையை இட்டு நிரப்ப, கல்கி எழுதி எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைத்த ‘காற்றினிலே வரும் கீதம்’ பாட்டை 1945 ஆம் ஆண்டு ‘மீரா’ படத்தில் ஒருமுறையும் பிற்காலக் கச்சேரிப் பதிவில் ஒருமுறையும் கேட்டு, இரண்டுக்கும் இடையே குரல் எங்கே கனத்திருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். குறிப்பைவிடக் கேட்டதே அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் கட்டுப்பாடு முறிந்தது சு. தியடோர் பாஸ்கரனின் ‘எம் தமிழர் செய்த படம்’ நூலில்தான். தமிழின் முதல் பேசும் படம் எனப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச நாயகன் தெலுங்கில் மறுமொழி சொன்ன அந்த விந்தையைப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் துடித்தாலும், அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடையாது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களில் எடுத்த அக்காலப் படங்கள் எரிந்தும் மக்கியும் போயின. சுருளில் கலந்திருந்த வெள்ளிக்காக அவற்றை உருக்கியவர்களும் உண்டு. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களே பல படங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி. பார்க்க வழியில்லாத படத்துக்கு நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாம் என்று விதியைத் திருத்தினேன். அந்த வரிகள் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டன.

காமிக்ஸில் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. கையில் இருப்பதே கலைப்பொருள். சிறுவயதில் படித்த ‘இரும்புக்கை மாயாவி’யின் மறுபதிப்பை எடுத்தேன். பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வாரப் பத்திரிகையில் 1962 இல் தொடங்கிய அந்தத் தொடரை, 1972 இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டதால், வசனக் குமிழ்களைத் துண்டுத் தாளால் மறைத்துக்கொண்டு இரண்டாம் முறை படித்துப் பார்த்தேன். மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்தபின், வெறுங்கட்டத்தில் மிதக்கும் அந்த இரும்புக்கை ஒன்றை வைத்தே ஆளின் அச்சத்தையும் ஆத்திரத்தையும் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ காட்டிவிடுகிறார் என்பது, வசனத்தையே துரத்திப் படித்த சிறுவயதில் என் கண்ணில் படவில்லை.

இப்போது மேசையில் இருப்பது திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக்குடன் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ 1962 இல் நடத்திய நெடிய உரையாடலின் நூல் வடிவம். பேச்சு ஏறக்குறைய படங்களின் வரிசையிலேயே செல்வதால், சுமார் ஐம்பது படங்களை அதே வரிசையில் பார்க்க வேண்டியிருக்கும். முதல் படமான ‘தி பிளஷர் கார்டன்’ முடிந்தது. இரண்டாவதான ‘தி மவுண்டன் ஈகிள்’ பிரதி தொலைந்துபோன படம். அதற்கும் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டேன். சனிக்கிழமை இரவு ‘தி லாட்ஜர்’.