ஏரிக்கரை டீப்பி கூடாரத்தில் குடும்பத்தோடு தங்குமுன்

5 மீட்டர் விட்டம் என்றதும் பெரிய அறை என்று நினைத்துவிடாதீர்கள். டீப்பி என்பது கம்புகளைச் சாய்த்து நிறுத்தித் துணி போர்த்திய கூம்பு வடிவக் கூடாரம். ஓரத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது. கால் ஓரத்துக்கும் தலை நடுவுக்கும் வருமாறு படுத்தால் எழும்போது இடிக்காது.

ஏரியோரத்தில் ஈரம்தான் பெருந்தொல்லை. விடியற்காலையில் துணியின் உட்புறம் வியர்த்திருக்கும். நாம் விடும் மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த துணியில் நீராகப் படிகிறது. குளிருக்குப் பயந்து உச்சித் திறப்பை அடைத்தால் இன்னும் மோசம். மெத்தையைத் துணியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

மழைநீர் கம்புகள் வழியே வழிந்திறங்கும். கம்பில் கயிறோ விளக்கோ கட்டியிருந்தால் சரியாக அந்த முடிச்சில் சொட்டும். (ஈரத்துண்டை அங்கேதான் மாட்டத் தோன்றும்!)

கரி அடுப்பை, தணல் அடங்கியதுபோல் தெரிந்தாலும், உள்ளே கொண்டுவரவே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் வாயு; அதற்கு வாசனை கிடையாது.